வெட்டிவேர்ப் புல்லின் உடலமைப்பும் மண்காப்பும்

மண்ணைப் பற்றி நிறுத்தும் தாவரங்களுள் புல்லினம் முதன்மையானது. எனினும் எல்லாப் புற்களும் ஒரே முறையில் மண்ணைப் பற்றுவதில்லை. அறுகு தரையின்மேல் ஓடுதண்டுகளை விட்டுப் பரவிப் பற்றுகிறது. தர்ப்பை நிலத்தடித் தண்டுகளால் நாற்புறமும் ஊர்ந்து பற்றுகிறது. வெட்டிவேர்ப் புல்லோ நட்ட இடத்தைவிட்டு நகராமல், நேர் கீழாக வேர்களை இறக்கிப் பற்றுகிறது. இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், உழுநிலத்தின் நடுவே எந்தப் புல்லுக்கு இடம் கொடுக்கலாம், எதற்கு இடம் கொடுக்கலாகாது என்பதை முடிவு செய்வது இதுவேயாகும்.

வெட்டிவேரைத் தமிழ் மக்கள் பெரும்பாலும் கடையில் விற்கும் காய்ந்த வேர்க்கற்றையாகவே அறிவர். பானைத் தண்ணீரில் இடவும், விசிறியும் தட்டியும் முடையவும், தைலம் எடுக்கவும் பயன்படுவது அது. அவ்வேரைத் தாங்கிய புல்லை நேரில் கண்டு அடையாளம் கூறக்கூடியவர் சிலரே. கிராமப் பணியாளர்களும் ஆசிரியர்களும் இப்புல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அறிந்துகொண்டால், அதன் பயன் எங்கிருந்து பிறக்கிறது என்பது தானே விளங்கும்.

பெயரும் குடும்பமும்

வெட்டிவேர் இந்தியாவில் இயல்பாக வளரும் பல்லாண்டுப் புல். ஓடைக்கரை, ஏரியின் ஓரம், நீர் தேங்கும் தாழ்நிலம் ஆகியவற்றில் தானாக வளர்வது. கன்னடத்தில் லாவஞ்ச என்றும், மலையாளத்தில் ராமச்சம் என்றும், இந்தியில் கஸ் என்றும், வடமொழியில் உசீரம் என்றும் வழங்குகிறது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. வெட்டி எடுக்கப்படும் வேர் என்னும் பொருளுடைய நம் சொல், தாவரவியலிலும் ஒரு பேரினத்தின் பெயராக நெடுங்காலம் நின்றது.

இப்புல்லை லின்னேயஸ் 1771-ல் வேறொரு பேரினத்தின் கீழ் விவரித்தார். பின்னர் அது வெட்டிவேரியா சிசானியாய்டிஸ் எனப் பெயர் பெற்றது. 1960-ல் ரொபர்ட்டி என்பவர் இதனைக் கிரைசோபோகன் என்ற பேரினத்தில் சேர்த்தார். 1999-ல் வெல்ட்காம்ப் என்னும் டச்சுத் தாவரவியலார் செய்த ஆய்வு அம்மாற்றத்தை உறுதிப்படுத்திற்று. ஆகவே இன்று கிரைசோபோகன் சிசானியாய்டிஸ் என்பதே ஏற்கப்பட்ட பெயர். பழைய நூல்களில் முந்திய பெயரே காணப்படுமாதலால், இரண்டும் ஒரே புல்லைக் குறிப்பன என்பதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

புதரும் தண்டும்

வெட்டிவேர் அடர்ந்த புதராக வளர்கிறது. ஒரு புதரில் பல தூர்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். தண்டு நிமிர்ந்து, விறைப்பாக, சாதாரணமாக 1 முதல் 2 மீட்டர் வரை உயரும். நல்ல நிலத்தில் 3 மீட்டரை எட்டுவதும் உண்டு. தண்டின் திசுக்கள் கட்டையைப்போல் இறுகியவை. ஆதலின் ஓடும் நீர் மோதும்போது தண்டு எளிதில் சாய்வதில்லை.

இப்புல்லுக்கு ஓடுதண்டும் இல்லை. நாற்புறமும் நீண்டு ஊரும் நிலத்தடித் தண்டும் இல்லை. தூர்கள் பக்கத்தில் பக்கத்தில் தோன்றிப் புதர் மெல்லப் பருக்குமேயன்றி, தொலைவில் புதிய புதர் கிளம்பாது. வரப்பில் நட்ட புல் வயலுக்குள் புகுந்து களையாகிவிடுமோ என்று உழவர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்திற்குப் புல்லின் தண்டமைப்பே விடையளிக்கிறது.

புதரின் அடிப்பகுதி தனியே கவனிக்கத்தக்கது. புதிய தூர்கள் தோன்றும் முளைகள் மண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே புதைந்துள்ளன. மேலே உள்ள இலை முழுவதும் ஆடுமாடுகளால் கடிக்கப்பட்டாலும், கோடையில் தீப்பட்டு எரிந்தாலும், மிதிபட்டாலும் முளைகள் கெடுவதில்லை. மழை பெய்ததும் மீண்டும் தளிர்க்கின்றன. நீர் கொணரும் மண் புதரின் அடியில் படிந்து உயருமாயின், புதையுண்ட கணுக்களிலிருந்து புதிய வேர்கள் தோன்ற, புதரும் மண்ணுடன் சேர்ந்து மேலெழுகிறது. மண் அணையை ஆண்டுதோறும் உயர்த்த ஆள் வேண்டும். இப்புல்வேலி தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும்.

இலை

இலைகள் குறுகி நீண்டவை. அகலம் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்டது. நீளம் பெரும்பாலும் 30 முதல் 90 சென்டிமீட்டர். இலையுறைகள் பக்கவாட்டில் தட்டையாக அழுந்தி, முதுகில் படகின் அடிபோல் மடிந்து, ஒன்றையொன்று தழுவி விசிறிபோல் அடுக்கப்பட்டிருக்கும். புதரின் அடியைக் கையால் பிடித்துப் பார்த்தால் தூர் உருண்டையாக இன்றித் தட்டையாக இருப்பது தெரியவரும். இலையின் விளிம்பில் விரலை நுனியிலிருந்து அடிநோக்கி இழுத்தால் சொரசொரப்பு உணரப்படும்.

பலர் வெட்டிவேரையும் எலுமிச்சைப் புல்லையும் மயங்குவர். வேறுபாடு அறிய எளிய வழி உண்டு. எலுமிச்சைப் புல்லின் இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வீசும். வெட்டிவேர் இலையில் அத்தகைய மணம் இல்லை. எலுமிச்சைப் புல்லின் இலை அகன்று வளைந்து தொங்கும். வெட்டிவேர் இலை குறுகி நிமிர்ந்து நிற்கும். முன்னதில் மணம் இலையில் உள்ளது. பின்னதில் வேரில் உள்ளது.

இளந்தளிரைக் கால்நடைகள் மேயும். முற்றிய இலை கடினமாதலால் அதனை விரும்புவதில்லை. இது தீவனத்திற்குக் குறையாயினும் வேலிக்கு நன்மை. முற்றிய இலை கூரை வேயவும், தோட்டத்தில் மண்ணை மூடிப் பரப்பவும் உதவும்.

பூங்கதிர்

பூக்கும் காலத்தில் தண்டின் உச்சியில் 15 முதல் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள கூட்டுக்கதிர் தோன்றும். நடுக்காம்பின் கணுக்களைச் சுற்றி மெல்லிய கிளைகள் வட்டமாக எழும். அக்கிளைகளில் சிறுகதிர்கள் இரட்டை இரட்டையாக அமைந்துள்ளன. ஒவ்வோர் இரட்டையிலும் ஒன்று காம்பற்றது. அதில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. மற்றொன்று காம்புடையது, அது ஆண் மலர் மட்டும் உடையது. சிறுகதிர் 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீளமுடையதாய், பெரும்பாலும் கருஞ்சிவப்புக் கலந்த நிறங்கொண்டு, உமியின்மேல் சிறு முட்கள் உடையதாக இருக்கும். ஊசிப்புல்லில் காணப்படும் நீண்ட கூர் இதில் இல்லை.

இந்தியாவில் வெட்டிவேர் இருவகைப்படும். வட இந்திய வகை ஒழுங்காகப் பூத்து, முளைக்கும் விதையைத் தருகிறது. தென்னிந்திய வகை அரிதாகவே பூக்கிறது. பூத்தாலும் முளைக்கும் விதை உண்டாவது இல்லை எனலாம். நெடுங்காலமாக மக்கள் வேருக்காகத் தூர் பிரித்து நட்டு வளர்த்துவந்த வகை இதுவே. வயலில் வேலியாக நடுவதற்கு விதை தராத தென்னிந்திய வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வொன்றில் தவறினால், நன்மைக்கென நட்ட புல் நீர்க்கால் வழியே பரவித் தொல்லையாக மாறக்கூடும். எனவே நாற்று வாங்கும்போது தாய்ப்புதர் எங்கிருந்து வந்தது என விசாரித்தறிவது களப்பணியாளரின் முதற் கடமையாகும்.

வேர்

வேரே இப்புல்லின் சிறப்பு. பல புற்களின் வேர்கள் மேல்மண்ணில் பக்கவாட்டில் படரும். வெட்டிவேரின் வேர்கள் நூலிழைபோல் மெலிந்து, எண்ணிக்கையில் மிகுந்து, நேர் கீழாக இறங்குகின்றன. ஆழமான நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே 2 முதல் 3 மீட்டர் வரை இறங்குவதுண்டு. சில இடங்களில் 3 மீட்டரைக் கடந்தும் அளவிடப்பட்டுள்ளது. அடியில் பாறையோ இறுகிய சரளையோ இருப்பின் ஆழம் குறையும். பக்கவாட்டில் படராமையால், அருகில் உள்ள பயிருடன் நீருக்கும் உரத்திற்கும் இது நடத்தும் போட்டி குறைவு.

வேரின் வலிமையை அளந்தும் பார்த்துள்ளனர். மலேசியாவில் நடைபெற்று 1996-ல் வெளியான ஆய்வில், வெட்டிவேரின் இழுவலிமை சராசரியாக ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 75 நியூட்டன் எனக் காணப்பட்டது. இது சாதாரண எஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால், 0.7 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரே வேர் அறுபடுமுன் சுமார் 3 கிலோ எடையைத் தாங்கும். ஒரு புதரில் இத்தகைய வேர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சாலைச் சரிவுகளையும் கால்வாய்க் கரைகளையும் காக்க இப்புல்லைப் பல நாடுகள் மேற்கொண்டதன் காரணம் இதுவே.

வேரைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் நோக்கினால், புறணிப் பகுதியில் காற்றறைகள் நிறைந்திருப்பது தெரியும். இலையின் வழியாக வந்த காற்று இவ்வறைகள் மூலம் வேர் நுனிவரை செல்வதால், பல நாள் நீர் தேங்கினும் வேர் அழுகுவதில்லை. ஆழ்ந்த வேரினால் வறட்சியையும் காற்றறைகளால் வெள்ளத்தையும் ஒருசேரத் தாங்கும் புற்கள் சிலவே.

மணமுள்ள எண்ணெய் புறணியில், அகத்தோலை அடுத்துள்ள உயிரணுக்களில் தங்குகிறது. அவ்வுயிரணுக்களில் வாழும் சில பாக்டீரியங்களும் எண்ணெயின் இயல்பை மாற்றுவதில் பங்குகொள்கின்றன என்று இந்நூற்றாண்டில் ஆய்வாளர் கண்டனர். இலக்னோவில் உள்ள மைய மருந்து, நறுமணத் தாவர நிறுவனம் எண்ணெய்க்கென்றே தாரிணி, கேசரி, குலாபி முதலிய வகைகளை வெளியிட்டுள்ளது. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கில் உழவர்கள் இதனை வேருக்காகப் பயிரிடுகின்றனர்.

ஆனேக்கல் நிலமும் மழையும்

மேற்கூறிய உறுப்புகள் ஒரு குறிப்பிட்ட நிலத்தில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஆனேக்கல் தாலுகாவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள இத்தாலுகா, கசபா, அத்திபெலெ, ஜிகணி, சர்ஜாபுரம் என்னும் ஹோபளிகளை உடையது. ஓசூர்ப் பக்கம் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டு நிற்கிறது. கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக மெல்லச் சரியும் செம்மண் பூமி. பாறை சிதைந்து உண்டான இம்மண் நீரை எளிதில் உட்கொள்ளும். ஆயினும் பெருமழைத் துளிகள் மோதியதும் மேற்பரப்பு இறுகிப்போக, நீர் உட்புகாமல் ஓடத் தொடங்கும்.

இங்கு முதன்மையான மானாவாரிப் பயிர் கேழ்வரகு. கோடை மழை மே மாதத்திலேயே இடியுடன் பொழிகிறது. கேழ்வரகு விதைத்து மண்ணை மூடுவதற்கோ ஆடி மாதமும் கழிய வேண்டியுள்ளது. ஆகவே உழுதும் விதைக்காத வெற்று நிலத்தின்மீது மழை அடிக்கும் வாரங்கள் பல. அக்காலத்தில் மண்ணைக் காக்கப் பயிர் இல்லை. பல்லாண்டுப் புல்லே நிற்க முடியும்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கு மண் அரிக்கப்பட்டால் இழப்பு எவ்வளவு? பரப்பு 10,000 சதுர மீட்டர். கனம் ஒரு மில்லிமீட்டர். எனவே பருமன் 10 கன மீட்டர். எடை ஏறத்தாழ 13 முதல் 15 டன். கண்ணுக்குத் தெரியாத இவ்வரிப்பு ஓர் இலாரி நிறைய மண்ணுக்குச் சமம். அதிலும் முதலில் போவது உரமுள்ள மேல்மண்ணே. போன மண் அழிந்துவிடுவதில்லை. கீழே உள்ள ஏரியில் வண்டலாகப் படிகிறது. இப்பகுதியின் ஏரிகள் ஒன்றன் உபரிநீர் அடுத்ததற்குச் செல்லுமாறு தொடராக அமைக்கப்பட்டவை. மேலேரி தூர்ந்தால் கீழேரியும் நலியும். மேட்டு நிலத்து உழவர் இழந்த மண்ணுக்காகப் பள்ளத்து நிலத்து உழவர் நீரை இழக்கிறார்.

அண்டை நிலங்களின் அனுபவம்

கர்நாடகத்தின் தென்பகுதியில் குண்டலுப்பேட்டையைச் சுற்றியுள்ள உழவர்கள் பல தலைமுறைகளாகத் தம் நில எல்லைகளில் வெட்டிவேரை ஒற்றை வரிசையாக நட்டுக் காத்துவந்தனர். அவ்வரிசைகள் வயலுக்குள் பரவாமல் இருந்தவிடத்திலேயே நின்றன. 1980-களில் உலக வங்கியின் துணையுடன் இந்தியாவில் நடைபெற்ற மானாவாரி நீர்ப்பிடிப்பு மேம்பாட்டுப் பணியில் ஈடுபட்டிருந்த ஜான் கிரீன்ஃபீல்டு, ரிச்சர்டு கிரிம்ஷா ஆகியோர் இப்புல்வேலி முறையை உலகறியச் செய்தனர். கிரீன்ஃபீல்டு அதற்கு முன் 1950-களில் பிஜித் தீவின் கரும்பு நிலங்களில் இதனைக் கையாண்டவர். ஆனேக்கலுக்கு அடுத்துள்ள கனகபுரத் தாலுகாவின் கப்பலநாலா நீர்ப்பிடிப்பும் அப்பணி நடந்த இடங்களுள் ஒன்று.

எனினும் இம்முறை எல்லா ஊரிலும் வேரூன்றவில்லை. மாடு விரும்பாத புல்லுக்கு நிலத்தை ஏன் விடவேண்டும் என்பது உழவரின் கேள்வி. அது புறக்கணிக்கத்தக்கதன்று. மண் அணைக்குச் செல்லும் அகலத்தைவிட ஒற்றைப் புல்வரிசைக்குச் செல்லும் அகலம் குறைவு என்பதையும், கத்தரித்த இலை மண்மூடாகப் பயன்படும் என்பதையும் எடுத்துக்காட்டலாம். தீவனம் முதன்மையாகத் தேவைப்படும் இடத்தில், புல்வேலிக்கு மேற்புறம் கொழுக்கட்டைப் புல் போன்ற தீவனப் புல்லைச் சேர்த்து நடச் சொல்லலாம்.

வரிசை அமைக்கும் முறை

புல்வரிசை சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில் அமையவேண்டும். கோட்டை ஏ-வடிவச் சட்டமும் தூக்குநூலும் கொண்டோ ரசமட்டம் கொண்டோ குறிக்கலாம். இரு வரிசைகளுக்கு இடையே நிலம் ஒரு மீட்டர் தாழுமாறு அமைப்பதாயின், 2 விழுக்காடு சரிவில் 50 மீட்டருக்கு ஒரு வரிசையும், 4 விழுக்காட்டில் 25 மீட்டருக்கு ஒன்றும், 5 விழுக்காட்டில் 20 மீட்டருக்கு ஒன்றும் தேவை.

முதிர்ந்த புதரைத் தோண்டி, இரண்டு மூன்று தூர்கள் கொண்ட பிரிவுகளாகப் பிரிக்க வேண்டும். இலையை 15 முதல் 20 சென்டிமீட்டருக்கும், வேரை 10 சென்டிமீட்டருக்கும் வெட்டி, மழை நிலைத்தபின் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவேண்டும். 4 விழுக்காடு சரிவுள்ள, சதுரமான ஒரு ஹெக்டேர் வயலுக்கு நான்கு வரிசைகள், அதாவது 400 மீட்டர் ஆகும். 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 4,000 குழிகள். 8,000 முதல் 12,000 தூர்கள். இவ்வளவு தூர் உடனே கிடைப்பது அரிதாதலால், ஏரிக்கடியில் ஈரமுள்ள இடத்தில் ஓராண்டுக்கு முன்னரே நாற்றங்கால் வைக்கவேண்டும்.

வரிசையில் இடைவெளி விடலாகாது. ஒரு முழ இடைவெளி இருப்பின், வரிசை முழுவதிலும் தடுக்கப்பட்ட நீர் அவ்வழியே திரண்டு பாய்ந்து, வேலி இல்லாதபோது உண்டாவதைவிடப் பெரிய அரிப்பை உண்டாக்கும். பட்டுப்போன தூருக்குப் பதிலாக அடுத்த மழையிலேயே வேறு நடவேண்டும். அடர்ந்த நிழலில் இப்புல் மெலியுமாதலால், மரத்தடியில் வரிசை அமைப்பதைத் தவிர்க்கவேண்டும். வேலி முழுமையாக நெருங்க இரண்டு அல்லது மூன்று பருவங்கள் ஆகும். அதன்பின் ஆண்டில் ஓரிரு முறை 30 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்திற்குக் கத்தரித்தால் தூர்கள் பெருகும்.

நன்கு வளர்ந்த வேலி நீரை அடைப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைத்துப் பரப்பி வடியவிடுகிறது. மணலும் பருவண்டலும் வேலியின் மேற்புறம் தங்கும். மிக நுண்ணிய களி ஓரளவு நீருடன் கடந்து செல்லவே செய்யும். ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்புறம் மண் உயர்ந்து படிநிலம் உருவாகும்.

வேரை எடுப்பதா, விடுவதா?

வேருக்கு விலை உண்டு. நட்ட ஓராண்டு கழித்து, பெரும்பாலும் 15 முதல் 18 மாதங்களில் வேர் தோண்டப்படுகிறது. அதற்காகப் புதரைச் சுற்றியுள்ள மண் முழுவதையும் ஆழக் கிளற வேண்டும். சமவெளி மணலில் இதனால் கேடு குறைவு. சரிவு நிலத்தில் அதுவே பெருங்கேடு. உலகில் வெட்டிவேர் எண்ணெய் மிகுதியாக உற்பத்தியாகும் ஹெய்ட்டி நாட்டில், மலைச் சரிவுகளில் வேர் தோண்டுவதால் மண் அரிப்பு மிகுந்துள்ளது. இந்தோனேசியாவின் சாவகத் தீவிலும் இதே இடர் காணப்பட்டது. மண்ணைக் காக்க வல்ல புல்லே, எடுக்கும் முறையால் மண்ணை இழக்கக் காரணமாகிறது.

ஆதலின் களப்பணியாளர் உழவருக்கு இரண்டையும் பிரித்துக் கூறவேண்டும். வேலியாக நட்ட புல் வேலியாகவே நிற்கவேண்டும். அதன் வேரைத் தொடலாகாது. வேர் விற்க விரும்புவோர் சமதளமான தனி நிலத்தில் பயிரிட வேண்டும். விலை உயர்ந்த ஆண்டில் வேலியைத் தோண்டும் ஆசை எழும். அன்று கிடைக்கும் தொகை ஒரு பருவத்திற்கு. போகும் மண் மீண்டும் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

பள்ளியில் செய்து காணத்தக்கவை

1. வெட்டிவேர், எலுமிச்சைப் புல், அறுகு மூன்றையும் வேருடன் எடுத்து வந்து, தூரின் வடிவம், இலையின் மணம், வேரின் மணம், ஓடுதண்டு உண்டா இல்லையா என்பவற்றை மாணவர் அட்டவணையாக எழுதுக.

2. மழை நாளில் புல்வரிசைக்கு மேலும் கீழும் ஓடும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் ஒரே அளவு பிடித்து, ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணின் உயரத்தை அளந்து ஒப்பிடுக.

3. ஒரே அளவான மூன்று தொட்டிகளில் மண் நிரப்பி, ஒன்றில் வெட்டிவேரும் ஒன்றில் அறுகும் நட்டு, மூன்றாவதை வெறுமையாக விடுக. மூன்று மாதம் கழித்து, சாய்த்து வைத்துப் பூவாளியால் ஒரே அளவு நீர் ஊற்றி, வழியும் மண்ணை நிறுத்துக் காண்க.

வினாக்கள்

1. வெட்டிவேர் வயலுக்குள் பரவாமைக்குரிய உடலமைப்புக் காரணங்கள் யாவை?

2. தீயினாலும் மேய்ச்சலாலும் இப்புல் அழியாமல் மீள்வது எதனால்?

3. 3 விழுக்காடு சரிவுள்ள நிலத்தில், ஒரு மீட்டர் தாழ்வுக்கு ஒரு வரிசை என்ற கணக்கில், இரு வரிசைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடவேண்டும்?

4. புல்வேலியில் ஏற்படும் சிறு இடைவெளி ஏன் ஆபத்தானது?

5. நும் ஊர் ஏரியில் படியும் வண்டல் எந்த நிலங்களிலிருந்து வருகிறது? அந்நிலங்களில் புல்வரிசை அமையத்தக்க இடங்களைப் படத்தில் குறித்துக் காட்டுக.